மட்டக்களப்பு வெக்கையில் வீட்டுப் பாணுக்கு எவ்வளவு ஈஸ்ட்?

வீட்டில் முதன்முறையாகப் பாண் சுட முனைகின்றவர்கள் என்னிடம் கேட்கின்ற கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கின்றது: உலர் ஈஸ்ட் எவ்வளவு போட வேண்டும்? பக்கற்றின் பின்புறத்தில் அதற்கு விடை அச்சிடப்பட்டிருக்கின்றது. அரைக் கிலோ கோதுமை மாவுக்கு ஒரு சிறிய பக்கற்று, அதாவது 7 கிராமோ 11 கிராமோ என்று அது சொல்லும். அந்த விடை பிழையானதன்று. ஆனால் அது 20 முதல் 24 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும் சமையலறைக்காக எழுதப்பட்டது. கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் ஆடி மாதத்து நண்பகலில் 33 பாகையில் வெந்துகொண்டிருக்கும் குசினிக்கு அந்த அளவு பொருந்தாது. இங்கே பாண் சுடத் தொடங்குகின்றவர் முதலில் கைக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஈஸ்டின் அளவைத் தீர்மானிப்பதில் மாவின் நிறைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அன்றைய வெப்பத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

எனக்கு இது விளங்குவதற்கு நாலைந்து பாண்கள் வீணாக வேண்டியிருந்தது. கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், அரைக் கிலோ மாவுக்கு 11 கிராம் பக்கற்று முழுவதையும் கொட்டிக் குழைத்து, ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பி வர ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. குழைத்த மா சட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்து, துணியோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் குழி விழுந்து கிடந்தது; துணியைத் தூக்கியவுடன் கள்ளுப் போத்தல் திறந்தது போன்ற மணம் வந்தது. அதையும் சுட்டேன். மேலோடு சிவக்கவே இல்லை, வெளிறிப்போயிருந்தது. உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள். அடுத்த நாள் காலையில் அது காய்ந்து உதிர்ந்தது. அந்தப் பக்குவத்தை ஆரையம்பதியில் நெடுங்காலம் போறணையில் வேலை செய்த ஐயா ஒருவரிடம் சொன்னபோது, அவர் கணக்கைக் கேட்டுவிட்டு, “புள்ள, இது மார்கழிக்குக்கூடக் கூட. கச்சானுக்கு இதில கால்வாசி காணும்” என்றார். பிறகு ஒரு வெப்பமானியும் ஒரு கொப்பியும் வைத்து நானே அளந்து பார்த்தபோது அவர் சொன்னது ஏறக்குறைய அப்படியே சரியாக வந்தது.

காரணம் எளியது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் நாம் மதுவம் என்று படித்த ஒருகல உயிரிதான் ஈஸ்ட். மாவிலுள்ள வெல்லத்தை உண்டு காபனீரொட்சைட்டையும் மதுசாரத்தையும் அது வெளிவிடுகின்றது. வாயு மாவை உப்பச் செய்கின்றது. மதுசாரம் சுடும்போது ஆவியாகிவிடுகின்றது. வெப்பம் ஏறத்தாழ 8 முதல் 10 பாகை கூடினால் இந்த நொதித்தலின் வேகம் இரு மடங்காகின்றது. ஆகவே 24 பாகையில் ஒன்றரை மணித்தியாலத்தில் நடக்க வேண்டிய வேலை 33 பாகையில் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். விரைவாக முடிவது நல்லதுதானே என்று தோன்றலாம், ஆனால் அது நல்லதன்று. மாவிலுள்ள பசையம் நீண்டு இழுபடுவதற்கும், பாணுக்கு மணமும் சுவையும் சேர்வதற்கும் நேரம் வேண்டும். ஈஸ்ட் அவசரப்பட்டு வெல்லத்தைத் தின்று தீர்த்துவிட்டால் மேலோடு சிவப்பதற்கு வெல்லம் மிஞ்சாது. என் பாண் வெளிறிப்போனதற்கும் அதுவே காரணம்.

இதே விதி எதிர்த்திசையில் வேலை செய்வதை லாகர் பியர் தயாரிப்பில் காணலாம். ஏல் எனப்படும் பியர் 18 முதல் 20 பாகை வரையில் நொதிக்கின்றது. லாகர் 10 முதல் 13 பாகைக் குளிரில் நொதிக்கின்றது. குளிரில் மதுவம் சோம்பிக் கிடக்கும் என்பதால், 20 லீற்றர் ஏலுக்கு 11.5 கிராம் பக்கற்று ஒன்று போடுகின்ற வெளிநாட்டு வீட்டுத் தயாரிப்பாளர்கள் அதேயளவு லாகருக்கு இரண்டு பக்கற்றுகள் போடுகின்றார்கள். நமது நாட்டில் அனுமதிப்பத்திரமின்றி வீட்டில் பியர் தயாரிப்பது மதுவரிச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆகையால் அதற்கான செய்முறை இங்கே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு நமக்குப் பயன்படுகின்றது. குளிருக்கு இரட்டிப்பு என்றால் வெக்கைக்குப் பாதி.

முதற்படி: கையிலிருப்பது எந்த ஈஸ்ட்

கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் இரு வகைப்படும். மெல்லிய, ஊசி முனை போன்ற குறுணைகளாக இருப்பது இன்ஸ்டன்ட் வகை. அதை நேரடியாக மாவில் கலக்கலாம். சற்றுப் பெரிய, கடுகு போன்ற உருண்டைகளாக இருப்பது அக்டிவ் டிரை வகை. அதை முதலில் இளஞ்சூடான தண்ணீரில் 10 நிமிடம் ஊற வைத்தே சேர்க்க வேண்டும். பக்கற்றின் பெயரைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அளவு மாறுகின்றது. இக்கட்டுரையில் நான் தருகின்ற அளவுகள் யாவும் இன்ஸ்டன்ட் வகைக்கானவை. அக்டிவ் டிரை என்றால் அவற்றோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வெதுப்பகங்களில் பயன்படும் ஈரமான கட்டி ஈஸ்ட் கிடைத்தால் மூன்று மடங்கு போடுங்கள்.

இரண்டாம் படி: உயிர் இருக்கின்றதா என்று பார்த்தல்

இந்தப் பக்கத்து ஈரப்பதத்தில் ஈஸ்ட் விரைவில் செத்துவிடும். மொத்தப் பொதியை உடைத்துச் சிறு பொலித்தீன் பைகளில் கட்டி விற்கப்படுவதை வாங்கினால், எப்போது உடைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆகவே புதிதாக வாங்கியதையும், மாதக்கணக்கில் திறந்து வைத்திருந்ததையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கைக்கு இளஞ்சூடாகப் படும் 100 மில்லிலீற்றர் தண்ணீரில், அதாவது ஏறத்தாழ 38 பாகையில், ஒரு தேக்கரண்டி சீனியையும் ஒரு தேக்கரண்டி ஈஸ்டையும் கலந்து வையுங்கள். 10 நிமிடத்தில் மேலே தடித்த நுரை எழ வேண்டும். ஓரத்தில் மட்டும் சில குமிழிகள் தெரிந்தால் அதை எறிந்துவிடுங்கள். பாதி செத்த ஈஸ்டை இரு மடங்காகப் போட்டுச் சமாளிப்பது சரிவராது; செத்த கலங்களிலிருந்து கசியும் பொருள் பசையத்தை இளக்கி மாவைப் பிசுபிசுக்கச் செய்யும். தண்ணீர் கொதிசூடாக இருந்தாலும் கெடுதிதான், ஏனெனில் 60 பாகையில் ஈஸ்ட் இறந்துவிடுகின்றது.

மூன்றாம் படி: அளத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் பிழைவிடுகின்ற இடம் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கின்றேன். மட்டமாகத் தட்டிய ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஏறக்குறைய 3 கிராம் நிறையுடையது. குவித்து அள்ளினால் அது 5 கிராமையும் எட்டலாம். நாம் தேநீர் கலக்கும் கரண்டிகளோ வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றன. ஆகவே அளவுக்கரண்டித் தொகுதி ஒன்றை வாங்கி வைத்திருப்பது நல்லது. சமையலறைத் தராசுகளில் பெரும்பாலானவை ஒரு கிராமுக்குக் கீழ் காட்டுவதில்லை. மாவையும் தண்ணீரையும் நிறுப்பதற்கு அது போதும். 1.5 கிராம் ஈஸ்டை நிறுக்கப் போதாது.

இதற்கு நான் கைக்கொள்கின்ற வழி கரைசல் வழியாகும். மட்டமான ஒரு தேக்கரண்டி ஈஸ்டை, அதாவது 3 கிராமை, 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் விடுகின்றேன். பின்னர் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து அளக்கும் சிறு குவளையால் அதிலிருந்து 50 மில்லிலீற்றர் எடுத்தால் 1.5 கிராம் ஈஸ்ட் வந்துவிடும். 10 மில்லிலீற்றர் எடுத்தால் 0.3 கிராம் வந்துவிடும். ஈஸ்ட் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கிய பின்னரே அள்ள வேண்டும். எடுத்த கரைசலில் உள்ள தண்ணீரைப் பாணுக்கான தண்ணீர்க் கணக்கிலிருந்து கழித்துவிட மறக்க வேண்டாம். மிஞ்சுகின்ற கரைசலை அப்ப மாவுக்குப் பயன்படுத்தலாம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கின்றேன்.

நான்காம் படி: அன்றைய வெப்பத்துக்கு ஏற்ற அளவு

ஒரு றாத்தல் பாணை, அதாவது சுட்டபின் ஏறத்தாழ 450 கிராம் நிற்கும் பாணை, எடுத்துக்கொள்வோம். அதற்குக் கோதுமை மா 310 கிராம், தண்ணீர் 190 மில்லிலீற்றர், உப்பு 6 கிராம், சீனி 5 கிராம், மாஜரின் அல்லது எண்ணெய் 6 கிராம் வேண்டும். மாறப்போவது ஈஸ்ட் மட்டுமே.

வாடைக்காற்றும் மழையும் உள்ள கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் குசினி 25 முதல் 27 பாகை வரை இருக்கும்போது மாவின் நிறையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 3 கிராம், ஒரு மட்டத் தேக்கரண்டி போடுங்கள். பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கி 28 முதல் 30 பாகை வரை வந்தால் முக்கால் தேக்கரண்டி போதும். கச்சான் காலத்தில் 31 முதல் 34 பாகை வரை இருக்கும்போது அரைத் தேக்கரண்டி, 1.5 கிராம். இம்மூன்று நிலைகளிலும் முதல் உப்புதல் ஒன்றேகால் மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் இடையில் முடிய வேண்டும். நேரத்தை மாறாமல் வைத்துக்கொண்டு ஈஸ்டைக் கூட்டிக் குறைக்கின்றோம் என்று இதை விளங்கிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ மாவுக்கென்றால் அதே வரிசையில் 5 கிராம், 3.75 கிராம், 2.5 கிராம் ஆகும்.

மட்டக்களப்பில் வாவிக்கரை வீட்டுக்கும், தகரக் கூரையின் கீழுள்ள குசினிக்கும் ஒரே நாளில் மூன்று நான்கு பாகை வித்தியாசம் இருப்பதை நான் அளந்திருக்கின்றேன். ஆதலால் வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யாமல், மாச்சட்டியை வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு சாதாரணச் சுவர் வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். அடுப்புக்கு அருகிலுள்ள மேசை பாணுக்கு உகந்த இடமன்று. சீமெந்துத் தரைதான் வீட்டில் மிகக் குளிர்ந்த இடம்.

ஐந்தாம் படி: தண்ணீரைக் குளிர வைத்தல்

ஈஸ்டைக் குறைத்தும் மா அவசரமாகப் பொங்குகின்றதென்றால் குழைத்த மாவே சூடாக இருக்கின்றது என்று பொருள். குழைத்து முடித்த மா 26 பாகையளவில் இருப்பது சிறந்தது. வெதுப்பகங்களில் இதற்கொரு கணக்குண்டு. வேண்டிய வெப்பத்தை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் வெப்பத்தையும், மாவின் வெப்பத்தையும், குழைப்பதால் ஏறும் சூட்டையும் கழித்தால் தண்ணீர் எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். 26ஐ மூன்றால் பெருக்க 78. அறை 33, மா 32, கையால் குழைக்கும் சூடு 2. கழித்தால் மிஞ்சுவது 11. ஆக, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்த தண்ணீர்தான் நமக்கு வேண்டும். பாணுக்கு வெந்நீர் விட வேண்டும் என்று குளிர்நாட்டுச் செய்முறைகளில் எழுதியிருப்பதை ஆடி மாதத்தில் இங்கே பின்பற்றாதீர்கள்.

ஆனால் உலர்ந்த ஈஸ்டை நேரே குளிர்ந்த தண்ணீரில் போடவும் கூடாது. உலர்ந்திருக்கும் கலத்தின் சவ்வு இளஞ்சூட்டில் ஊறும்போதுதான் ஒழுங்காக மீளும். குளிரில் நனைந்தால் உள்ளிருப்பது கசிந்துவிடும். எனவே மேற்சொன்னபடி இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து அளந்த 50 மில்லிலீற்றரை முதலில் மாவின் நடுவில் ஊற்றி, மிகுதி 140 மில்லிலீற்றரைக் குளிர்ந்த தண்ணீராகச் சேர்த்துக் குழையுங்கள். இளஞ்சூட்டுக் கரைசல் மாவின் சூட்டைச் சிறிது கூட்டும் என்பதால், மற்றத் தண்ணீரைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே பயன்படுத்தலாம்.

ஆறாம் படி: உப்பும் சீனியும், பிறகு காத்திருத்தலும்

உப்பு மாவின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. உப்பு ஈஸ்டின் வேகத்தைப் பிடித்து வைக்கின்றது. சுவைக்கு மட்டுமல்லாமல் கடிவாளமாகவும் அது தேவை. உப்புப் போட மறந்த மா வழமையைவிட விரைவாகப் பொங்கிச் சப்பென்று இருக்கும். ஈஸ்ட் கரைசலில் உப்பை நேரடியாகக் கொட்டாமல் மாவோடு கலந்துவிடுங்கள். சீனி சிறிதளவானால் ஈஸ்டுக்கு உணவு. ஆனால் பணிஸ் போன்ற இனிப்பு வகைகளில் மாவின் நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி சேரும்போது, அது ஈஸ்டின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி அதை முடக்கிவிடும். பணிஸுக்கு மட்டும், அந்த நாளுக்குரிய ஈஸ்ட் அளவோடு பாதியளவு கூட்டிக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகக் குழைத்த பின்னர், அந்த மாவிலிருந்து தேசிக்காயளவு துண்டொன்றைக் கிள்ளி, நேரான சுவருள்ள கண்ணாடிக் குவளையின் அடியில் அழுத்தி, அதன் மட்டத்தில் ஒரு இறப்பர் வளையம் போடுங்கள். குவளையை மாச்சட்டிக்கு அருகிலேயே வையுங்கள். சட்டியில் மா இரட்டித்துவிட்டதா இல்லையா என்று கண்மட்டத்தில் ஊகிப்பது புதியவருக்குக் கடினம். குவளையில் அது வளையத்திலிருந்து இரு மடங்கு உயரத்துக்கு வந்ததும் ஐயமின்றித் தெரிந்துவிடும். கடிகாரத்தைவிட அந்தக் குவளையை நம்புங்கள். ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு முன்னரே இரட்டித்துவிட்டால், அடுத்த முறை ஈஸ்டில் கால் பங்கு குறையுங்கள். இரண்டு மணித்தியாலம் கடந்தும் வரவில்லையென்றால் பதறிப்போய் இன்னும் ஈஸ்ட் கரைத்து ஊற்றாதீர்கள். இன்னும் அரை மணித்தியாலம் பொறுங்கள், அது வரும்.

இரட்டித்த மாவின் காற்றை மெதுவாக அழுத்தி வெளியேற்றி, உருட்டி, எண்ணெய் பூசிய அச்சில் இடுங்கள். இரண்டாம் உப்புதல் இங்கே 35 முதல் 45 நிமிடங்களில் முடிந்துவிடும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாகப் பாதியளவு மீள வேண்டும். உடனே துள்ளி மீண்டால் இன்னும் நேரம் வேண்டும், மீளாமலே நின்றால் நேரம் கடந்துவிட்டது. ஓவனை அதற்கு முன்னரே 200 பாகைக்குச் சூடாக்கி வைத்து, 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள். அடியைத் தட்டினால் வெற்றொலி கேட்க வேண்டும்.

இரவில் வைத்துக் காலையில் சுடுதல்

எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். மட்டக்களப்பின் வெக்கைக்கு இதைவிடப் பொருத்தமான முறையும் இல்லை. இரவில் குசினி 27 பாகையளவுக்கு இறங்கும். அதே 310 கிராம் மாவுக்குக் கரைசலில் 10 மில்லிலீற்றர் மட்டும், அதாவது 0.3 கிராம் ஈஸ்ட் மட்டும் சேர்த்து, தண்ணீரில் மிகுதி 180 மில்லிலீற்றரையும் விட்டுக் குழைத்து, இரவு பத்து மணிக்கு மூடி வைத்தால், காலை ஐந்து மணியளவில் மா இரட்டித்து நிற்கும். சிட்டிகையளவு ஈஸ்டில் மா எழும்புமா என்று முதன்முறை செய்கின்ற எல்லோரும் ஐயப்படுகின்றார்கள். போதிய உணவும் நேரமும் கிடைத்தால் மதுவம் தானே பெருகிக்கொள்ளும். ஏழு மணித்தியாலம் மெதுவாக நொதித்த பாணில் ஈஸ்ட் நெடி அறவே இராது. மேலோடு பொன்னிறமாகச் சிவக்கும். மறுநாளும் மென்மையாக இருக்கும். தேங்காய்ச் சம்பலோடு அந்தப் பாணை ஒருமுறை உண்டவர் பகற்பாணுக்குத் திரும்புவது கடினம். இரவிலும் வெக்கை தணியாத நாட்களில், அரைத் தேக்கரண்டி ஈஸ்டோடு குழைத்து, உடனேயே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் அது பொறுமையாக இருக்கும்.

அப்பத்துக்கு

அப்ப மாவைக் கள் விட்டுப் புளிக்க வைத்த வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் முற்றாக மறையவில்லை. கள்ளில் மதுவத்தோடு புளிப்பைத் தரும் பற்றீரியாக்களும் இருப்பதால் உப்புதலும் புளிப்பும் ஒருங்கே வரும். பக்கற்று ஈஸ்டில் புளிப்பு வராது. அதை அறியாமல், புளிக்கவில்லையே என்று ஈஸ்டைக் கூட்டிக்கொண்டே போகின்றவர்கள் உண்டு. அப்பத்தில் ஈஸ்ட் நெடிதான் கூடும். அரிசி மாவில் வாயுவைப் பிடித்து வைக்கும் பசையமும் இல்லை. ஆகவே அரைக் கிலோ அரிசி மாவுக்குப் பகலில் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு அரைத் தேக்கரண்டி, இரவு முழுவதற்குமானால் கரைசலில் 15 மில்லிலீற்றர் என்ற அளவைத் தாண்ட வேண்டாம். புளிப்பு வேண்டுமென்றால் முன்னைய நாளின் அப்ப மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக் கலந்துவிடுங்கள். தேங்காய்ப் பாலை இரவிலேயே விட்டுவிட்டால் வெக்கையில் அது கெட்டுவிடும். மா பொங்கிய பின்னர், சுடுவதற்குச் சற்று முன்பாகச் சேர்ப்பதே சரி.

மிஞ்சிய ஈஸ்டைப் பாதுகாத்தல்

உடைத்த பக்கற்றை மடித்து இறப்பர் வளையம் போட்டுத் தட்டில் வைத்தால், மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே அது பயனற்றுப் போய்விடும். காற்றுப் புகாத சிறிய கண்ணாடிப் போத்தலில் கொட்டி, உடைத்த திகதியை ஒட்டி, உறைபெட்டியில் வைத்தால் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை உயிரோடு இருக்கும். உலர்ந்த ஈஸ்டுக்கு உறைகுளிர் தீங்கு செய்யாது. ஈரம்தான் தீங்கு செய்யும். குளிர்ந்த போத்தலைத் திறந்தபடியே மேசையில் வைத்தால் உள்ளே நீர் படியும். ஆதலால் கரண்டியைத் துடைத்து உலர்த்தித் தயாராக வைத்துக்கொண்டு, போத்தலை எடுத்து, அளந்து, மூடி, உடனேயே திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள்.